பரப்பன அக்ரகாரத்துக்கு உள்ளே எது கெத்து, எது வெறும் கதை: வெளியே காத்திருக்கும் குடும்பங்களுக்கு

வீட்டில் ஒருவரை மாஜிஸ்ட்ரேட் ரிமாண்ட் செய்து, வேன் பெங்களூர் மத்தியச் சிறையான பரப்பன அக்ரகாரத்துக்குக் கிளம்பிய அன்று இரவே ஆலோசனை சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன், விவேக் நகர், ஆஸ்டின் டவுன் என்று பெங்களூரில் நம் தமிழ் ஆட்கள் இருக்கிற எந்தத் தெருவிலும் இதுதான் நடக்கிறது. ஃபேன் அடியில் இடம் வாங்க இவ்வளவு ஆகும் என்பார் ஒருவர். ஜெயிலில் பகல் ஒரு நாள், இரவு ஒரு நாள், பாதி நாளில் வந்துவிடுவான் என்பார் இன்னொருவர். "அக்கா, உள்ளே எனக்குத் தெரிஞ்ச வார்டர் இருக்கார், நீங்க கவலைப்படாதீங்க" என்று மூன்றாவதாக ஒருவர் வந்து உட்காரும்போதுதான் நகை அடகுக் கடைக்குப் போகிறது. இலவசச் சட்ட உதவி வேலையில் இந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன் நான். கேஸுக்கு ஆகும் செலவை விட இந்தக் கதைகளுக்கு ஆகும் செலவுதான் அதிகம் என்பதைப் பார்த்துப் பார்த்து மனது ஆறாமல் எழுதுகிறேன். உள்ளே ஒரு மனிதனுக்கு உண்மையிலேயே மதிப்பு தருவது எது, வெளியே நாம் மதிப்பு என்று நினைத்துக் காசைக் கொட்டுவது எது, இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், பாதிப் பணமும் முக்கால்வாசிப் பயமும் மிச்சம்.

முதலில் உங்கள் ஆள் விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா என்பதை மனதில் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஊரில் சுற்றுகிற கதைகளில் பெரும்பாதி இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் பிறக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கு பேரில் மூன்று பேருக்கும் மேல், குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பு சொல்லாதவர்கள். இவர்கள் சொந்தத் துணி போட்டுக்கொள்ளலாம், வேலை செய்யக் கட்டாயம் இல்லை. வெள்ளைச் சீருடை தண்டனை பெற்றவர்களுக்குத்தான். அதனால் "உன் தம்பிக்கு யூனிஃபார்ம் போடாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், அவருக்கு ஏற்கெனவே உள்ள உரிமையை உங்களிடமே விற்கிறார் என்று அர்த்தம்.

நாற்காலி, நம்பர், ஃபேன் அடி

பிளாஸ்டிக் நாற்காலி. வெளியே கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத அந்தச் சாதாரண நாற்காலிக்கு உள்ளே இருக்கிற மதிப்பு நமக்குப் புரியவே புரியாது. கைதி தரையில் உட்காருவார், அதிகாரி நாற்காலியில் உட்காருவார், அதுதான் அங்கே ஒழுங்கு. 2024 ஆகஸ்டில், ஒரு கொலை வழக்கில் ரிமாண்டில் இருந்த கன்னட நடிகர் தர்ஷன் பரப்பன அக்ரகாரத்தில் புல்வெளியில் நாற்காலி போட்டு, கையில் காபி கப்பும் சிகரெட்டுமாக, பக்கத்தில் ஒரு ரவுடி ஷீட்டரோடு (போலீஸின் ரவுடிப் பட்டியலில் இருப்பவர்) உட்கார்ந்திருந்த படம் வெளியே வந்தபோது நாடே பேசியது சிகரெட்டைப் பற்றி மட்டும் இல்லை, அந்த நாற்காலியைப் பற்றியும்தான். அப்புறம் என்ன ஆயிற்று என்பதைக் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். சிறை அதிகாரிகள், ஊழியர்கள் சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள், அவரைப் பல்லாரி சிறைக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவருடைய ஜாமீனை ரத்து செய்தபோது, சிறப்புச் சலுகை எதுவும் கொடுக்கக்கூடாது என்று அதிகாரிகளைக் கடுமையாக எச்சரித்தது. அதன் பிறகு படுக்கையும் தலையணையும் வேண்டும் என்று அவர் நீதிமன்றத்தில் கேட்க வேண்டியிருந்தது. அத்தனை பெரிய நடிகருக்கே, காசு கொடுத்தோ பழக்கத்திலோ கிடைத்த ஒரு சலுகை வெளியே தெரிந்ததும் சாதாரண ஆளுக்குக் கிடைக்கிற வசதிக்கே மனு போடும் நிலை வருகிறது. நம் வீட்டுப் பையனுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அதே வழக்கில் இன்னொரு விசித்திரம் நடந்தது. தர்ஷனுக்கு முதலில் கொடுத்த கைதி எண் 6106. ரசிகர்கள் அதை பைக்கிலும் காரிலும் ஸ்டிக்கராக ஒட்டினார்கள், கைக்குழந்தைக்குக் கைதி உடை போட்டு அந்த எண்ணோடு படம் எடுத்தவர்கள்கூட உண்டு. நம்மவர்களுக்கும் இது புதிது இல்லை. 2014 செப்டம்பரில் ஜெயலலிதா இதே சிறைக்கு வந்தபோது 7402 என்ற எண் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் இருந்தது, 2017 பிப்ரவரியில் சசிகலா வந்தபோது 9234. வெளியே இருப்பவர்களுக்கு அது ஒரு அடையாளம், சிலருக்குப் பெருமைகூட. உள்ளே இருப்பவருக்கு அந்த எண் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் குடும்பத்துக்கு அது ரொம்ப அவசியமான வரி. பார்க்கப் பதிவு செய்வது, பணம் கட்டுவது, சட்ட உதவிக்கு எழுதுவது என்று எல்லாவற்றுக்கும் அந்த எண்ணும், எஃப்.ஐ.ஆர். எண்ணும், போலீஸ் ஸ்டேஷன் பெயரும், நீதிமன்றத்தின் பெயரும் கேட்பார்கள். நான்கையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். அம்மாவின் கைபேசியில் மட்டும் இருந்தால் அது சரியாக அன்றைக்கென்று சார்ஜ் இல்லாமல் போகும்.

சமையலும் ஒரு கெத்துதான். உள்ளே தனக்கென்று அடுப்பு மூட்டித் தின்ன முடிகிறது என்றால் அவர் பெரிய ஆள் என்று அர்த்தம். 2017 ஜூலையில் அப்போதைய சிறைத்துறை டி.ஐ.ஜி. ரூபா, சசிகலாவுக்குத் தனிச் சமையலறை உட்படச் சலுகைகள் நடக்கின்றன என்று அறிக்கை கொடுத்தார். பிறகு விசாரித்த வினய் குமார் குழுவும் சிறப்புக் கவனிப்பு இருந்தது என்றே சொன்னது, 2019 தொடக்கத்தில் அது வெளியே வந்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து "காசு கொடுத்தால் உள்ளே என்ன வேண்டுமானாலும் நடக்கும்" என்பது நம் ஆட்களிடம் ஒரு வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. அதை நம்பித்தான் ஆட்டோ ஓட்டுகிறவர் ஐம்பதாயிரம் கடன் வாங்கிக் கொண்டுபோய் ஒரு இடைத்தரகர் கையில் கொடுக்கிறார். அவர் கொடுத்த பணம் உள்ளே போனதா இல்லையா என்று அவரால் யாரிடம் கேட்க முடியும்?

பெரிய மனிதர்களின் கதை இருக்கட்டும். சாதாரண பேரக்கில், அதாவது கைதிகளை மொத்தமாக வைக்கிற கூடத்தில், மதிப்பு என்பது இடத்தில் ஆரம்பிக்கிறது. கூட்டம் நிரம்பிய பேரக்கில் புதிதாக வருகிறவருக்குக் கழிவறைப் பக்கம்தான் படுக்கை, நாள் ஆக ஆக நகர்ந்து நகர்ந்து சுவர் ஓரத்துக்கோ ஃபேன் அடிக்கோ வருவார்கள். சுவர் ஓரம் ஏன் உசத்தி என்றால் ஒரு பக்கமாவது யாரும் இடிக்க மாட்டார்கள், சாய்ந்து உட்காரலாம், பை வைக்கலாம். அடுத்தது பக்கெட். சொந்தமாக ஒரு பக்கெட் வைத்திருப்பவரிடம் தண்ணீர் இருக்கும், துணி ஊறும், கவிழ்த்தால் அதுவே முக்காலி. பீடி, பிஸ்கட் பாக்கெட், சோப்பு இதெல்லாம் பொருள் மட்டும் இல்லை, உள்ளே அதுதான் சில்லறைக் காசு. துணி துவைத்துக் கொடுத்தவருக்கு, முடி வெட்டியவருக்கு, படுக்க இடம் விட்டவருக்கு இதில்தான் கணக்கு முடியும். இதற்காக நீங்கள் தரகரைத் தேட வேண்டாம். கைதியின் பெயரில் சிறையில் உள்ள பி.பி.சி. என்கிற சொந்தப் பணக் கணக்கில் விதிப்படி பணம் கட்டினால் அவரே கேன்டீனில் வாங்கிக்கொள்வார். மொத்தமாகக் கட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள். நிறைய பணம் இருக்கிறது என்று தெரிந்தால் "தம்பி, எனக்கும் ரெண்டு பாக்கெட் சேர்த்து வாங்கு" என்று சுற்றி ஆள் சேர்ந்துவிடும், முடியாது என்று சொல்வது எளிதில்லை.

வேலையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. தண்டனைக் கைதிகளில் ரைட்டர் (எழுத்தர்) வேலை, நூலகம், ஆஸ்பத்திரி உதவி, கிச்சன் இவற்றுக்குப் போட்டி இருக்கும், காரணம் கூலி மட்டும் இல்லை. கர்நாடகத்தில் கைதிகளுக்குக் கூலி நாளுக்கு 500 ரூபாய்க்கு மேல் போய்விட்டது, அது எந்த வேலை செய்தாலும் ஓரளவு வரும். ஆனால் பேரக்குக்கு வெளியே நடமாட முடிகிற வேலைதான் உசத்தி, ஏனென்றால் நடமாடுகிறவரிடம்தான் செய்தி வரும். யாருக்கு ஜாமீன் கிடைத்தது, எந்த பிளாக்கில் சோதனை வரப்போகிறது என்பது முதலில் தெரிகிறவர் மரியாதைக்குரியவர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கழிவறை யார் கழுவுவது, சோறு யார் ஆக்குவது என்பதைச் சாதி பார்த்துப் பிரிப்பது நம் சிறைகளின் கையேடுகளிலேயே பல காலம் இருந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை எல்லாம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது, சிறைப் பதிவேடுகளில் சாதிக்கென்று இருக்கும் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்த பழக்கமும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. ஊரில் மறைக்க முடிந்ததை உள்ளே மறைக்க முடியாமல் அவமானப்பட்டவர்கள் நிறைய. உங்கள் ஆளிடம் சாதி கேட்டு வேலை கொடுத்தார்கள் என்று அவர் சொன்னால் "அனுசரிச்சுக்கோடா" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி, நேரம், யார் சொன்னது என்று கேட்டு எழுதி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு ஒரு புகாராகக் கொடுங்கள். தீர்ப்பு நம் பக்கம் இருக்கிறது.

வெளியே யாரும் யோசிக்காத ஒரு பெரிய கெத்து எழுத்து. கன்னடத்திலோ இங்கிலீஷிலோ ஒரு மனு எழுதத் தெரிந்தவரை பேரக்கில் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள், வயது இருபத்திரண்டாக இருந்தாலும். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த நம் பையன்கள் கன்னடம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார்கள், எழுதச் சொன்னால் திணறுவார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்து வேலைக்கு வந்து மாட்டியவர்களுக்கு இன்னும் கஷ்டம், அங்கே ஒட்டியிருக்கிற அறிவிப்பைப் படிக்கவே ஆள் வேண்டும். அதனால் போகும்போது அவருடைய கேஸ் விவரத்தை எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: என்ன பிரிவு, என்ன தேதி ரிமாண்ட், அடுத்த வாய்தா எப்போது, வக்கீல் பெயர் என்ன. தன் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தவரை உள்ளே யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலான கெத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவது. பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று ஒருவர் பெயரை வாசிக்கும்போது பேரக் முழுக்கக் கேட்கும். வாரா வாரம் பெயர் வருகிறவரை அடிக்கவோ மிரட்டவோ யோசிப்பார்கள், நாளைக்கே செய்தி வெளியே போய்ச் சேரும் என்று தெரியும். மாதக்கணக்கில் பெயர் வராதவர்தான் எல்லோருக்கும் வேலைக்காரர் ஆகிறார். பெண்கள் பிளாக்கில் இது இன்னும் கொடுமை, ஆண் உள்ளே போனால் மனைவியும் அம்மாவும் ஓசூர் ரோட்டில் பஸ் பிடித்து வருவார்கள், பெண் உள்ளே போனால் பல வீடுகளில் பெயரையே எடுப்பதில்லை. ஆறு வயது வரை குழந்தையைத் தாயோடு உள்ளே வைத்துக்கொள்ளலாம், அந்தக் குழந்தைக்காவது யாராவது போய் நில்லுங்கள். பார்ப்பதற்கு இ-முலாகாத் இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம், தூரத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் வீடியோவிலும் பேசலாம். ஆதார் மாதிரி ஒரு அசல் அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள்.

ஊர் சொல்லும் கதைகள்

பகலும் இரவும் இரண்டு நாள் என்பது சுத்தப் பொய். இருபத்து நான்கு மணி நேரம் உள்ளேயும் ஒரு நாள்தான். இந்தக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று பார்த்தால், தண்டனைக் கைதிகளுக்கு நன்னடத்தைக்கும் வேலைக்கும் தண்டனைக் குறைப்பு உண்டு, அதோடு விசாரணையின்போது உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழிப்பார்கள், அதனால் தீர்ப்பில் சொன்ன காலத்துக்கு முன்பே சிலர் வருகிறார்கள். பார்க்கிறவர்கள் அவர்களாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள். விசாரணைக் கைதிக்குத் தண்டனையே இல்லை, அதனால் குறைப்பும் இல்லை. ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் விடுதலை செய்வதும் அப்படித்தான், அது தண்டனைக் கைதிகளில் தகுதி உள்ளவர்களுக்கு. "சுதந்திர தினப் பட்டியலில் பெயர் சேர்க்கிறேன்" என்று விசாரணைக் கைதியின் வீட்டில் பணம் வாங்குகிறவர் ஏமாற்றுக்காரர், வேறு பேச்சே இல்லை.

ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம் என்பது அடுத்தது. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. மரண தண்டனைவரை போகக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் வாங்கியவரை 14 வருடத்துக்கு முன்னால் விடக்கூடாது என்று 1978இல் சட்டத்தில் சேர்த்தார்கள். அது கீழ் எல்லை, அந்த நாள் வந்ததும் கதவு தானாகத் திறக்காது. பேரறிவாளன் 1991 ஜூனில் கைதானவர், 2014இல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது, உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2022 மே 18 அன்று. அற்புதம்மாள் எத்தனை வாசல் ஏறி இறங்கினார் என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

தூக்குக் கயிறு அறுந்தால் விட்டுவிடுவார்கள் என்ற கதை நம் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது. தீர்ப்பிலேயே உயிர் போகும்வரை என்றுதான் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதனால் அதற்கு இடமே இல்லை. கயிறு பீகாரில் பக்சர் சிறையில் கைதிகளே திரிப்பது என்பது மட்டும் உண்மை. பரப்பன அக்ரகாரத்தில் தூக்கு என்று மிரட்டுகிறவர்களும் உண்டு, கர்நாடகத்தில் தூக்குமேடை பெலகாவி ஹிண்டலகா சிறையில்தான், அங்கும் 1983க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை.

சோற்றில் சோடா உப்போ கற்பூரமோ கலந்து ஆசையை அடக்குகிறார்கள் என்பதை இளைஞர்கள் ரொம்ப நம்புகிறார்கள். ஹாஸ்டலிலும் பட்டாளத்திலும் இதே கதையை இதே சொற்களில் சொல்கிறார்கள், ஆதாரம் எங்கும் கிடையாது. தூக்கம் இல்லாமல், கவலையில், கூட்டத்துக்கு நடுவில் கிடக்கிற மனிதனுக்கு உடம்பும் மனதும் சோர்ந்து போவதற்கு எந்தப் பொடியும் தேவையில்லை. சாப்பிடப் பயந்து பட்டினி கிடந்து வயிற்றுப்புண்ணோடு வருகிறவர்கள் உண்டு, அதனால் சாப்பிடச் சொல்லுங்கள். ராகி முத்தை என்கிற களி பழகாதவர்களுக்கு முதல் வாரம் இறங்காது, அப்புறம் பழகிவிடும்.

தப்பித்தவர்களின் கதை இல்லாத சிறை கிடையாது. இங்கே 2013 செப்டம்பர் 1 அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஜெய்சங்கர் என்ற கைதி சுவர் தாண்டித் தப்பினார், பல பெண்களைச் சீரழித்துக் கொன்ற வழக்குகளில் இருந்தவர். அதை வீரசாகசம் போலச் சொல்லிக்கொண்டு அலைகிறவர்கள் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். குதித்ததில் காலில் அடி, ஒரு வாரத்துக்குள் சிறைக்குப் பக்கத்திலேயே கூட்லு கேட் அருகில் பிடிபட்டார். அவரால் உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கெடுபிடி கூடியதுதான் மிச்சம்.

இன்னொரு உண்மைக் கதையும் உண்டு. 1986 மார்ச் 16 அன்று தொடர் கொலையாளி சார்லஸ் சோப்ராஜ் டெல்லி திஹார் சிறையில் பிறந்தநாள் என்று சொல்லிக் காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த இனிப்பு கொடுத்துவிட்டு வாசல் வழியாகவே நடந்து போனார். நீங்கள் ஆசையாகச் செய்து கொண்டுபோகிற அதிரசத்தையும் மைசூர்பாகையும் வாசலில் திருப்பி அனுப்பினால் மனம் நோகாதீர்கள், அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. உடம்புக்கு முடியாதவருக்கு வீட்டுச் சாப்பாடு தேவை என்றால் டாக்டர் சீட்டோடு நீதிமன்றத்தில் மனு போட்டு அனுமதி கேட்பதுதான் வழி.

"நம்ம ஆள் வார்டர், தமிழர்தான், பார்த்துப்பார்" என்பதையும் நம்பி ஏமாறாதீர்கள். டெல்லி திஹாரில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் பல வருடமாகப் பாதுகாப்பு வேலை பார்க்கிறார்கள், அங்கே உள்ள கைதிகளோடு மொழியும் ஊரும் ஒட்டாத ஆட்கள் என்பதே அதில் ஒரு வசதி என்று சொல்வார்கள். 2023 மே மாதம் அங்கே ஒரு கைதி சக கைதிகளால் கொல்லப்பட்டபோது பார்த்துக்கொண்டு நின்றதாக அந்தப் படையினர் சிலரை சஸ்பெண்ட் செய்து ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். எந்த ஊர் வார்டராக இருந்தாலும் அவருக்கு அவருடைய வேலை முக்கியம், தமிழில் பேசினார் என்பதற்காகச் சட்டையில் இருக்கிற பேட்ஜைக் கழற்றி வைக்க மாட்டார்.

பணம் கேட்டு வரும் அழைப்பு

இதில்தான் குடும்பங்கள் அதிகம் அடிபடுகின்றன, அதனால் நிதானமாகப் படியுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு எண்ணிலிருந்து அழைப்பு வரும். உங்கள் மகனுக்கு உள்ளே அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், உடனே இந்த எண்ணுக்குப் பணம் போடுங்கள் என்பார்கள். அல்லது இன்னாருடைய ஆட்கள் நாங்கள், பையன் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் மாதம் இவ்வளவு என்பார்கள். உடனே போடாதீர்கள். அழைத்த எண், நேரம், கேட்ட தொகை, பணம் போடச் சொன்ன எண் எல்லாவற்றையும் எழுதுங்கள், முடிந்தால் பதிவு செய்யுங்கள். அடுத்த நாள் காலையிலேயே வக்கீலிடம் சொல்லி நீதிமன்றத்தில் ஒரு மெமோ போடச் சொல்லுங்கள், சிறைக் கண்காணிப்பாளருக்கும் எழுத்தில் கொடுங்கள், சட்டப் பணிகள் ஆணையத்துக்கும் ஒரு நகல். கைதி வாய்தாவுக்கு நேரிலோ வீடியோவிலோ ஆஜராகும்போது நீதிபதியிடமே வாய் திறந்து சொல்லலாம், அதற்கு வக்கீல்கூடத் தேவையில்லை. வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும், சீல் வைத்து வாங்கிய நகல் கையில் இருந்தால் உங்கள் பையன்மேல் கை வைக்க எவனும் இரண்டு முறை யோசிப்பான்.

கைபேசி உள்ளே கொடுக்கச் சொல்லிக் கேட்டால், அது உங்கள் சொந்தத் தம்பியே கேட்டாலும், கொடுக்காதீர்கள். உள்ளே கட்டைவிரல் அளவு போன் வைத்திருப்பவர் ராஜா மாதிரி என்பது உண்மைதான், ஆனால் கர்நாடகம் அதற்கான சிறைத் தண்டனையைச் சட்டத் திருத்தம் கொண்டுவந்து ஆண்டுக்கணக்கில் உயர்த்தியிருக்கிறது, கொண்டுபோய்க் கொடுப்பவரும் மாட்டுவார். கைபேசி அலையைத் தடுக்கிற ஜாமரால் சிறையைச் சுற்றியுள்ள வீடுகளிலேயே சிக்னல் போகிறது என்று குடியிருப்போர் புகார் சொல்கிற அளவுக்குக் கெடுபிடி இருக்கிறது. அதிகாரபூர்வமான தொலைபேசி வசதி உண்டு, முன்கூட்டிப் பதிந்த எண்களுக்கு மட்டும் பேசலாம், அந்த எண்களை அவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இன்றைக்குப் பல பையன்களுக்கு அம்மாவின் எண்ணே தெரியாது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் அவமானப்பட ஒன்றுமில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி காவலில் இருக்கிற எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே, இலவச வக்கீல் உரிமை. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், சித்தையா ரோட்டில் ஆணையம் இருக்கிற நியாய தேகுல கட்டடத்துக்கு நேரிலும் போகலாம்.

அப்புறம் தொண்ணூறு நாள் விவகாரம். தொண்ணூறு நாள் ஆனால் தானாக விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமை வரும், ஆனால் அதைக் கேட்டு மனு போட வேண்டும், குற்றப்பத்திரிகை வருவதற்குள் போட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் அந்தக் கதவு மூடிவிடும். ரிமாண்ட் செய்த தேதியிலிருந்து நாள்காட்டியில் எண்ணி அந்த நாளைச் சுழித்து வைத்து, அதற்கு முதல் வாரமே வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள். இதோடு பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவையும் கேளுங்கள். முதல்முறை மாட்டியவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கலாம், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் பல வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் இது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜாமீன் கிடைத்த பிறகும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் பலர். நீதிமன்ற வாசலில் பஹணியோடு (நிலப் பதிவுப் பத்திரம்) நிற்கிற கூலி ஜாமீன்தாரரிடம் போகாதீர்கள், பத்திரம் போலி என்று தெரிந்தால் உங்கள் ஆளின் ஜாமீனும் போகும், புதுக் கேஸும் வரும். அதற்குப் பதில் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனு போடுங்கள். ஏழைக் கைதிகளுக்காக 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் ஜாமீன் தொகைக்கு ஒரு வரம்பு வரை உதவி கிடைக்க வழி இருக்கிறது, சில வகை வழக்குகளுக்குக் கிடையாது, சட்டப் பணிகள் ஆணையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

உத்தரவு வந்த அன்றைக்கே ஆள் வந்துவிடுவார் என்று பூமாலையோடு போய் வாசலில் நிற்பதைப் பார்க்கிறேன். மும்பை ஆர்தர் ரோடு சிறையில் ஜாமீன் உத்தரவு போடுவதற்கென்றே வாசலில் ஒரு பெட்டி உண்டு, 2021 அக்டோபரில் ஷாருக் கானின் மகனுக்கே மாலை ஐந்தரை மணிக்குள் தாள் வந்து சேராததால் இன்னொரு ராத்திரி உள்ளே இருக்க வேண்டி வந்தது. இப்போது உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவுப்படி ஜாமீன் உத்தரவின் நகலை நீதிமன்றம் மின்னஞ்சலில் அன்றோ மறுநாளோ சிறைக்கு அனுப்ப வேண்டும், ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஏழு நாள் தாண்டினால் நீங்களே அந்தத் தேதியைச் சொல்லி ஆணையத்தில் எழுதிக் கொடுங்கள். விடும்போது பெரும்பாலும் இருட்டிவிடும், திரும்ப வண்டிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பி.பி.சி. கணக்கில் மீதி இருக்கிற பணத்தையும், உள்ளே போகும்போது ஒப்படைத்த பொருட்களையும் பட்டியலைப் பார்த்துக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அடுத்த வாய்தா தேதியை வக்கீலிடம் கேட்டு நாள்காட்டியில் எழுதுங்கள், அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் வாரண்ட் வரும், ஜாமீனும் ரத்தாகும்.